ஐந்து நொடியில் ஒன்பது கண்டெய்னர்: வண்டி ஓட்டுபவருக்கு ஒரு கம்ப்யூட்டர் பாடம்

மாலை ஆறு மணிக்கு மேல் எண்ணூர் விரைவுச் சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் துறைமுகத்திற்குள் நுழையக் காத்திருக்கும் கண்டெய்னர் டிரெய்லர்களின் வரிசை. இடையில் கிடைக்கும் இடத்தில் காசிமேட்டில் இருந்து மீன் ஏற்றி வரும் சிறிய வண்டிகள், ஷேர் ஆட்டோக்கள், வேலை முடிந்து வீடு திரும்பும் இரு சக்கர வாகனங்கள். இவற்றை ஓட்டி வருபவர்களில் சிலர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத் தோளில் செல்போனை இடுக்கிக் கொண்டு வருவார்கள். சிலர் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகி இருப்பார்கள். இன்னும் சிலர் சிக்னல் விழுவதற்குள் வாட்ஸ்அப் பார்த்து விடலாம் என்று கட்டை விரலால் திரையைத் தள்ளிக் கொண்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதுபவனும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். டோல்கேட் தாண்டி பைக்கில் வந்து கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்து ஒரு பார்வைதான் பார்த்தேன். நிமிர்ந்தபோது, முன்னால் ஓடிக் கொண்டிருந்த டிரெய்லர் நின்று விட்டிருந்தது. அதன் பின்புற இரும்புச் சட்டத்திற்கும் என் முன் சக்கரத்திற்கும் நடுவே ஒரு முழம் இடைவெளியில் பைக் நின்றது. வந்திருந்த செய்தி இதுதான்: "வரும்போது பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

அந்த ஒரு பார்வைக்கு எவ்வளவு தூரம் செலவானது? அன்று தெரியவில்லை. பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கணக்கையே இந்த மாதப் பாடமாக வைத்துக் கொள்வோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஸ்ப்ரெட்ஷீட்டில் பார்முலா அமைப்பதற்கும் இது நல்ல பயிற்சியாக இருக்கும்.

பாடம் 1: ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு கணக்கு

எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்து கொள்ளுங்கள். இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். மூன்றிலும் வழி ஒன்றுதான். திரையில் தெரியும் ஒவ்வொரு கட்டத்திற்கும் செல் என்று பெயர். இந்த செல்லுக்கும் செல்போனுக்கும் சம்பந்தம் இல்லை.

முதல் வரிசையில் ஏ1 செல்லில் வேகம், பி1 செல்லில் நொடி, சி1 செல்லில் தூரம், டி1 செல்லில் கண்டெய்னர் என்று தலைப்புகளை டைப் செய்யுங்கள். அடுத்து ஏ2 முதல் ஏ6 வரை 20, 30, 40, 50, 60 என்று வேகங்களைக் கொடுங்கள். இவை மணிக்கு இத்தனை கிலோ மீட்டர் என்ற கணக்கு. பி2 முதல் பி6 வரை எல்லாவற்றிலும் 5 என்று அமையுங்கள். நம் கண் சாலையை விட்டு விலகி இருக்கும் நொடிகள் இவை.

இனி பார்முலா. சி2 செல்லில் கிளிக் செய்து = அடையாளத்தை டைப் செய்யுங்கள். பின்னர் மவுஸால் ஏ2 செல்லில் கிளிக் செய்யுங்கள். அடுத்து * அடையாளம். பின் பி2 செல்லில் கிளிக். கடைசியாக /3.6 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை கிடைத்து விடும். ஏன் 3.6? ஒரு கிலோ மீட்டரில் 1,000 மீட்டர், ஒரு மணி நேரத்தில் 3,600 நொடி. எனவே கிலோ மீட்டர் வேகத்தை 3.6 ஆல் வகுத்தால், ஒரு நொடியில் வண்டி எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பது கிடைக்கும்.

மீட்டர் என்று சொன்னால் பலருக்கு மனதில் படம் விழாது. நம் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த அளவு ஒன்று இருக்கிறது. 20 அடி கண்டெய்னரின் நீளம் ஏறத்தாழ 6.1 மீட்டர். எனவே டி2 செல்லில் = போட்டு, சி2 செல்லில் கிளிக் செய்து, /6.1 என டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

ஒவ்வொரு வரிசைக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. சி2, டி2 இரண்டு செல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதன் மீது மவுஸ் கர்சரைக் கொண்டு சென்றால் கர்சர் கூட்டல் குறி போல மாறும். அப்போது மவுஸ் பட்டனை அழுத்தியபடி ஆறாவது வரிசை வரை இழுத்து விடுங்கள். எல்லா விடைகளும் வந்து விடும். புள்ளிக்குப் பின் நிறைய எண்கள் தெரிந்தால் ஹோம் டேபில் உள்ள டிக்ரீஸ் டெசிமல் பட்டனை அழுத்திக் குறைத்துக் கொள்ளலாம்.

கிடைக்கும் விடைகள் இவை:

20 கி.மீ. வேகம்: 27.8 மீட்டர், 4.6 கண்டெய்னர்
30 கி.மீ. வேகம்: 41.7 மீட்டர், 6.8 கண்டெய்னர்
40 கி.மீ. வேகம்: 55.6 மீட்டர், 9.1 கண்டெய்னர்
50 கி.மீ. வேகம்: 69.4 மீட்டர், 11.4 கண்டெய்னர்
60 கி.மீ. வேகம்: 83.3 மீட்டர், 13.7 கண்டெய்னர்

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். 40 கி.மீ. என்பது பெரிய வேகம் இல்லை. அந்த வேகத்தில் ஐந்து நொடி போனைப் பார்த்தால், ஒன்பது கண்டெய்னர்களை வரிசையாக வைத்த நீளத்தைக் கண்ணை மூடிக் கொண்டு கடந்ததாக அர்த்தம். பிரேக் போட்டு நிற்கும் தூரம் இதில் சேரவில்லை. அது தனி.

"ஐந்து நொடி யார் பார்க்கிறார்கள்? சும்மா ஒரு பார்வைதானே" என்பீர்கள். பி4 செல்லில் 5 ஐ எடுத்து விட்டு 2 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டின் சிறப்பே இதுதான். ஒரு எண்ணை மாற்றினால் விடைகள் தாமாக மாறும். இப்போது 22.2 மீட்டர் என்று காட்டும். இரண்டே நொடி, மூன்றரைக் கண்டெய்னருக்கு மேல்.

ஐந்து நொடி என்பதும் கற்பனை இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம், வண்டிகளுக்குள் கேமராக்களைப் பொருத்தி, ஓட்டுநர்கள் அன்றாடம் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பதிவு செய்தது. 2009ல் வெளியான அதன் முடிவின்படி, கனரக வாகன ஓட்டுநர்கள் போனில் செய்தி டைப் செய்யும்போது, 6 நொடி இடைவெளியில் 4.6 நொடி அவர்கள் கண் சாலையில் இல்லை. விபத்து அல்லது மயிரிழையில் தப்பிக்கும் நிலை ஏற்படும் வாய்ப்பு 23 மடங்கு அதிகமாக இருந்தது.

நம் சாலைகளில் இதற்கு இன்னும் கூடுதல் அர்த்தம் உண்டு. இந்தியாவின் முதல் கண்டெய்னர் முனையம் 1983ல் சென்னைத் துறைமுகத்தில்தான் தொடங்கியது. 2001ல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. அது இன்று காமராஜர் துறைமுகம். அதன் பின் காட்டுப்பள்ளி வந்தது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. ஆகவே இங்கே நமக்கு முன்னாலும் பின்னாலும் ஓடுவது பெரும்பாலும் நாற்பது அடி நீள வண்டிகள். பாரம் ஏற்றிய டிரெய்லரை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. அதன் ஓட்டுநருக்குத் தன் வண்டியை ஒட்டி வரும் பைக் பல கோணங்களில் தெரிவதே இல்லை. அவர் கவனம் தவறினாலும் ஆபத்து நமக்கு. நம் கவனம் தவறினாலும் ஆபத்து நமக்கே.

பாடம் 2: மூளை மல்டி டாஸ்கிங் செய்யுமா?

கம்ப்யூட்டரில் பாட்டு கேட்டுக் கொண்டே கடிதம் டைப் செய்கிறோம். பின்னணியில் ஒரு பைல் டவுன்லோட் ஆகிறது. இதை மல்டி டாஸ்கிங் என்று சொல்கிறோம். ஆனால் ஒரே ஒரு கோர் கொண்ட பழைய பிராசசர்களில் உண்மையில் நடந்தது வேறு. பிராசசர் ஒரு வேலையைச் சிறிது செய்யும். அதை எந்த இடத்தில் விட்டோம் என்று குறித்து வைத்து விட்டு அடுத்த வேலைக்குத் தாவும். பின் மீண்டும் முதல் வேலைக்கு வரும். இந்தத் தாவல் மிக வேகமாக நடப்பதால், எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பது போல நமக்குத் தோன்றும். வேலைகள் அதிகமானால் மவுஸ் நகராமல் திணறும். ஹேங் ஆகிறது என்போம்.

கவனம் தேவைப்படும் வேலைகளில் நம் மூளையும் ஒரு கோர் பிராசசர் போலத்தான். சாலையில் இருந்து பேச்சுக்கும், பேச்சில் இருந்து சாலைக்கும் தாவுகிறது. பிராசசர் ஒரு நொடியில் பல ஆயிரம் முறை தாவும். நமக்கு ஒரு தாவலுக்கே நேரம் பிடிக்கும். ஹேங் ஆன கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து விடலாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நடுவில் ரீஸ்டார்ட் கிடையாது.

ஹேண்ட்ஸ்ப்ரீ இருந்தால் போதுமா?

"நான் கையில் போனைப் பிடிப்பதே இல்லை. ஹெட்செட் போட்டுத்தான் பேசுகிறேன்" என்று பலர் சொல்வார்கள். கை விடுபட்டு விட்டது, சரி. கவனம் விடுபட்டதா?

1997ல் கனடாவின் டொரொன்டோ நகரில், விபத்தில் சிக்கிய செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் போன் பில்களை ரெடல்மேயர், டிப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அலசினார்கள். போன் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டார்கள். போனைக் கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் எந்தப் பாதுகாப்பும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. யூட்டா பல்கலைக் கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் சிமுலேட்டரில் செய்த சோதனைகளிலும் இதே முடிவுதான். ஹேண்ட்ஸ்ப்ரீயில் பேசியபடி ஓட்டியவர்கள் சாலையோர விளம்பரப் பலகையை நேராகப் பார்த்தார்கள். பிறகு கேட்டபோது அதில் பலவற்றை அவர்களால் அடையாளம் காட்ட முடியவில்லை. கண் பார்த்தது, மூளை பதிவு செய்யவில்லை.

"பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடன் பேசுகிறோமே, அது மட்டும் பரவாயில்லையா?" என்ற கேள்வி வரும். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. டிரெய்லர் திரும்புவதைப் பார்த்தால் அவரே பேச்சை நிறுத்தி "பாத்துப்பா" என்பார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு டிரெய்லர் தெரியாது. அவர் பேசிக் கொண்டே இருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019ல் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல், வண்டி ஓட்டும்போது போன் போன்ற சாதனத்தைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது, 184வது பிரிவின்படி அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்ந்தது. முதல் முறை என்றால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தில் உள்ளது. மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அதே குற்றம் என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸுக்கும் ஆபத்து உண்டு. போனில் வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில், 2020 அக்டோபர் முதல் விதிகளில் இடம் தரப்பட்டுள்ளது.

அபராதத்தை விடப் பெரிய எண் ஒன்று இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2021ம் ஆண்டில் நாடு முழுவதும் செல்போன் பயன்பாட்டால் நேர்ந்ததாகப் பதிவான விபத்துகள் 1,997. அவற்றில் இறந்தவர்கள் 1,040 பேர். விபத்துக்குப் பின் "நான் போன் பார்த்துக் கொண்டிருந்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. எனவே பதிவாகாதவை எத்தனை என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பாடம் 3: கிளம்பும் முன் செய்ய வேண்டிய செட்டிங்ஸ்

மன உறுதியை மட்டும் நம்ப வேண்டாம். போன் அடித்தால் கை தானாகப் பைக்குள் போகும். போனே அடிக்காமல் இருக்கும்படி அமைத்து விடுவதுதான் நல்ல வழி. மெனு பெயர்கள் போனுக்குப் போன் சிறிது மாறலாம்.

1. ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் சென்று போகஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள கூட்டல் குறியைத் தட்டி டிரைவிங் என்பதைச் சேருங்கள். வைல் டிரைவிங் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக்கலி என்று அமைத்தால், வண்டி ஓடுவதை உணர்ந்து போன் தானே அமைதியாகி விடும். ஆட்டோ ரிப்ளை என்ற இடத்தில், "வண்டி ஓட்டிக் கொண்டிருக்கிறேன், சேர்ந்ததும் அழைக்கிறேன்" என்று தமிழிலேயே டைப் செய்து வைக்கலாம். செய்தி அனுப்புபவர்களுக்கு இந்தப் பதில் தானாகப் போகும்.

2. சாம்சங் போன்களில் செட்டிங்ஸ் பிரிவில் மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ் என்று ஒன்று உண்டு. அதில் டிரைவிங் என்பதைத் திறந்து அமைத்துக் கொள்ளுங்கள். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ் திறந்து, மேலே உள்ள தேடும் கட்டத்தில் டிரைவிங் என்று டைப் செய்து பாருங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் டு நாட் டிஸ்டர்ப் போதும்.

3. "வீட்டில் அவசரம் என்றால் என்ன செய்வது?" என்ற பயம் நியாயமானது. அதற்கும் வழி உண்டு. டு நாட் டிஸ்டர்ப் அமைப்பில் ரிப்பீட் காலர்ஸ் என்ற வசதியை ஆன் செய்யுங்கள். ஒருவர் அடுத்தடுத்து இரண்டாம் முறை அழைத்தால் மட்டும் போன் ஒலிக்கும். வீட்டாரிடம் இதைச் சொல்லி வையுங்கள். ஆனால் ஒலித்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகுதான் எடுக்க வேண்டும். நிற்கும் டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்தாமல், பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள்.

4. வழி தெரியாத இடம் என்றால், வீட்டுக் கம்ப்யூட்டரில் கூகுள் மேப்ஸ் திறந்து, போக வேண்டிய இடத்திற்கு டைரக்ஷன்ஸ் எடுங்கள். பெரிய திரையில் வழியை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். பின்னர் சென்ட் டைரக்ஷன்ஸ் டு யுவர் போன் என்பதைக் கிளிக் செய்தால், அதே கூகுள் அக்கவுண்ட் உள்ள உங்கள் போனுக்கு வழி போய் விடும். மேப்ஸ் செட்டிங்ஸில் குரலைத் தமிழுக்கு மாற்றிக் கொண்டால், திரையைப் பார்க்க வேண்டிய தேவை பெருமளவு குறையும். 2017 முதல் இந்தியாவில் இரு சக்கர வாகனத்திற்கென்று தனி வழியும் கிடைக்கிறது. லாரிக்கென்று தனி வழி அதில் இல்லை. எனவே டிரெய்லர் ஓட்டுபவர்கள் காருக்குக் காட்டும் வழியை அப்படியே நம்ப வேண்டாம்.

5. கடை அல்லது சிறு தொழில் நடத்துபவர்களுக்கு, வாடிக்கையாளர் அழைப்பை விட மனம் வராது. வாட்ஸ்அப் பிசினஸில் அவே மெசேஜ் என்ற வசதி இருக்கிறது. வண்டியில் செல்லும் நேரத்திற்கு அதை அமைத்து விட்டால், "அரை மணி நேரத்தில் பதில் தருகிறேன்" என்ற செய்தி தானாகப் போகும்.

பாடம் 4: வீட்டில் இருப்பவர்களுக்கு

ஓட்டுபவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர் எடுக்கும் அழைப்பு எங்கிருந்தோ வருகிறது. பெரும்பாலும் நம் வீட்டில் இருந்துதான். "எங்கே இருக்கீங்க, கிளம்பிட்டீங்களா, சாப்பிட வருவீங்களா?" அன்பினால் கேட்கும் கேள்விகள்தான் இவை. ஆனால் அந்த நேரத்தில் அவர் மணலி சாலையில் இரண்டு டேங்கர் லாரிகளுக்கு நடுவில் இருக்கலாம்.

கேட்காமலே தெரிந்து கொள்ள ஒரு வழி இருக்கிறது. கிளம்பும் முன் அவர் தன் போனில் கூகுள் மேப்ஸ் திறந்து, தன் படத்தைத் தட்டி, லொகேஷன் ஷேரிங் என்பதைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு மணி நேரம் என்று அமைத்து வீட்டாருக்கு அனுப்பட்டும். எங்கே வந்து கொண்டிருக்கிறார் என்பது மேப்பில் தெரியும். அந்த நேரம் முடிந்ததும் பகிர்வதும் தானே நின்று விடும்.

அப்படியே அழைத்து விட்டாலும், அவர் எடுத்தவுடன் முதல் கேள்வியாக "வண்டியில இருக்கீங்களா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் "சரி, அப்புறம் பேசறேன்" என்று உடனே வைத்து விடுங்கள். இந்த ஒரு பழக்கத்திற்கு எந்தச் சாப்ட்வேரும் தேவை இல்லை.

பேசியே ஆக வேண்டிய நாள் என்றால் வண்டியை வீட்டில் விட்டு விடலாம். 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் போன் பார்க்கலாம். ஓட்டுவதற்கு அங்கே வேறு ஆள் இருக்கிறார்.

இன்று இரவே அந்த ஸ்ப்ரெட்ஷீட்டைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் பைக் ஓட்டும் மகனோ மகளோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, வேகத்தையும் நொடியையும் அவர்களையே டைப் செய்யச் சொல்லுங்கள். நாம் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, அவர்களே கொடுத்த எண்ணுக்குத் திரை காட்டும் விடையில் ஏறி விடும்.

பால் பாக்கெட்டை அன்று மறக்காமல் வாங்கிச் சென்றேன். செய்தி அனுப்பியவருக்கு டிரெய்லர் விஷயம் இது வரை தெரியாது. இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்து கொள்வார்.